இன்ஜின் சிக்கனமானா நிலக்கரி மிச்சமாகுமா? 1865-லேயே கணக்குப் போட்ட ஜெவன்ஸ்... யார் இவர்?

போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கு ரொம்பப் பழக்கமான கேள்வி மாடல் இது. மேலே ஒரு கூற்று இருக்கும். கீழே ஒரு முடிவு இருக்கும். கூற்றிலிருந்து அந்த முடிவு வருதா, வரலையா? அவ்வளவுதான் கேள்வி.

கூற்று: பழைய இன்ஜின் செய்யும் அதே வேலையை, புது இன்ஜின் மூன்றில் ஒரு பங்கு நிலக்கரியில் செய்கிறது.

முடிவு: எல்லோரும் புது இன்ஜினுக்கு மாறினால், நாட்டின் மொத்த நிலக்கரிச் செலவு குறையும்.

பார்த்த உடனே 'வருது'ன்னு டிக் அடிக்கத் தோணும். 19-ம் நூற்றாண்டு பிரிட்டனில் படித்தவர்கள் பலரும் அப்படித்தான் நம்பினார்கள். ஆனால் 29 வயது இளைஞர் ஒருத்தர் 1865-ல் ஒரு புத்தகமே எழுதி, 'வராது' பக்கம் டிக் அடித்தார். அவர்தான் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ்.

2025 ஜனவரியில் சீனாவின் டீப்சீக், குறைந்த செலவில் உருவான ஏஐ மாடலை வெளியிட்டதும் பங்குச் சந்தை ஆட்டம் கண்டது நினைவிருக்கலாம். அப்போ மைக்ரோசாஃப்ட் தலைவர் சத்யா நாதெல்லா தன் சமூக வலைதளப் பக்கத்தில் இழுத்துவந்த பெயர் இந்த ஜெவன்ஸுடையதுதான். இறந்து 140 வருஷத்துக்கு மேல் ஆன ஒருத்தரை ஏஐ சண்டைக்குள் ஏன் கொண்டுவரணும்? அதுக்கு அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்கணும்.

லிவர்பூல் இரும்பு வியாபாரி வீட்டுப் பிள்ளை

1835 செப்டம்பர் 1-ம் தேதி லிவர்பூலில் பிறந்தார் ஜெவன்ஸ். 11 பிள்ளைகளில் 9-வது. அப்பா தாமஸ் ஜெவன்ஸ் இரும்பு வியாபாரி. கடலில் ஓடும் இரும்புப் படகை ஆரம்ப காலத்திலேயே கட்டிப் பார்த்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. அம்மா மேரி ஆனின் அப்பா வில்லியம் ராஸ்கோ, அடிமை வியாபாரத்தில் கொழித்த லிவர்பூலிலேயே அந்த வியாபாரத்தை எதிர்த்து எழுதியவர்.

வசதியான வீடு, படிப்பு நிறைந்த வீடு. ஆனால் அது நீடிக்கலை. ஜெவன்ஸுக்கு 10 வயசு இருக்கும்போது, 1845-ல் அம்மா இறந்துபோனார். மூத்த அண்ணனுக்கு மனநலம் பாதிக்கப்பட்டது. அடுத்த அடி 1848-ல். ரயில் கம்பெனிப் பங்குகள் மேல நாடே பைத்தியமா இருந்து, அது வெடித்துச் சிதறிய நேரம் அது. அந்த நெருக்கடியில் குடும்பத்தின் இரும்பு வியாபாரமும் திவாலானது. சந்தை ஏறுவதும் விழுவதும் ஒரு குடும்பத்தை என்ன செய்யும்னு 13 வயசில் வீட்டுக்குள்ளேயே பார்த்த பையன் இவர். பிற்காலத்தில் வியாபார நெருக்கடிகளுக்குக் காரணம் தேடி இவர் அலைந்ததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜில் சேர்ந்து வேதியியல், தாவரவியல் படித்தார். அங்கே கணிதமும் தர்க்கமும் சொல்லிக்கொடுத்தவர் அகஸ்டஸ் டி மார்கன். கணினி அறிவியல் படித்தவர்களுக்கு 'டி மார்கன் விதி' தெரிஞ்சிருக்கும், அதே டி மார்கன்தான். எது எதிலிருந்து வரும், எது வராது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் ஜெவன்ஸுக்கு ஊறியது இந்த வகுப்பில்தான்.

தங்கத்துக்கு மாற்றுப் பார்த்த 5 வருஷம்

பட்டம் வாங்கும் முன்பே வேலை வந்தது. ஆஸ்திரேலியாவில் தங்கம் கிடைத்து உலகமே அங்கே ஓடிக்கொண்டிருந்த காலம். சிட்னியில் புதிதாகத் தொடங்கும் நாணயச் சாலைக்குத் தங்கத்தின் மாற்றுப் பார்க்க ஆள் வேண்டும். வேதியியல் தெரிந்த பையன், வீட்டிலோ பணக்கஷ்டம். 1854-ல் 18 வயசில் கப்பல் ஏறினார். மறு வருஷமே அப்பாவும் இறந்துவிட்டார்.

சிட்னியில் 5 வருஷம். நல்ல சம்பளம். ஓய்வு நேரத்தில் மழை, காற்று, வெப்பநிலை எல்லாத்தையும் குறித்து வைப்பார். கேமராவைத் தூக்கிக்கிட்டு ஊர் சுற்றுவார். எந்தத் தெருவில் எப்படிப்பட்ட மக்கள் வாழ்றாங்க, சாக்கடை எப்படி ஓடுதுன்னு சிட்னியை வட்டாரம் வட்டாரமா நடந்து பார்த்துக் குறிப்பெழுதினார். ரயில் பாதை போட்டால் லாபம் வருமா என்று உள்ளூர்ப் பத்திரிகைகளில் விவாதம் நடந்தபோது அதிலும் இறங்கினார். அந்த ரயில் கணக்குதான் அவரைப் பொருளாதாரத்துக்குள் இழுத்துவிட்டது.

கைநிறைய வந்த சம்பளத்தை 1859-ல் விட்டுவிட்டு, அமெரிக்கா வழியாக இங்கிலாந்துக்குத் திரும்பி, மறுபடி மாணவனாக உட்கார்ந்தார். 1860-ல் பி.ஏ., 1862-ல் தங்கப் பதக்கத்தோடு எம்.ஏ. சொந்தக்காரர்களுக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

74 பிரதி வித்த புத்தகம்

பொருளின் மதிப்பு அதைச் செய்ய ஆகும் உழைப்பில் இல்லை, இன்னும் ஒரு அலகு கிடைத்தால் வாங்குபவருக்கு எவ்வளவு பயன் கூடும் என்பதில்தான் இருக்கு. இன்றைக்குப் பிளஸ் 1 பொருளியல் மாணவர்கள் 'இறுதிநிலைப் பயன்பாடு'ன்னு படிக்கிற விஷயம் இது. இதைக் கணித வடிவில் எழுதி 1862-ல் கேம்பிரிட்ஜில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்துக்கு அனுப்பினார் ஜெவன்ஸ். யாரும் கண்டுக்கலை.

அடுத்த வருஷம், ஆஸ்திரேலியத் தங்கம் வந்து குவிந்ததால் தங்கத்தின் மதிப்பு சுமார் 9 சதவீதம் விழுந்திருக்கு என்று விலைப் பட்டியல்களை வைத்துக் கணக்கிட்டு, ஒரு சிறு நூல் வெளியிட்டார். அச்சுச் செலவு அவர் கையிலிருந்து. ஆரம்பத்தில் விற்றது வெறும் 74 பிரதிகள். விஷயம் தெரிந்தவர்கள் பாராட்டினாலும், பெயர் பரவவில்லை.

1863-ல் மான்செஸ்டர் ஓவன்ஸ் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்கும் சின்ன வேலை ஒன்றில் சேர்ந்தார். இனிமேல் எடுக்கிற தலைப்பு நாடே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருக்கணும் என்று முடிவு செய்தார். இதை அவர் மறைக்கவும் இல்லை. அப்படி அவர் தேர்ந்தெடுத்த தலைப்பு, நிலக்கரி.

ஒரே கையிருப்பு, மூணு விடை

அன்றைய பிரிட்டனுக்கு நிலக்கரிதான் எல்லாம். ஆலை, கப்பல், ரயில், இரும்பு, வீட்டு அடுப்பு வரை அதில்தான் ஓடியது. பூமிக்கு அடியில் 4,000 அடி ஆழம் வரை சுமார் 8,300 கோடி டன் இருக்கு என்று நிலவியலாளர் எட்வர்ட் ஹல் மதிப்பிட்டிருந்தார். 1861-ல் வெட்டி எடுத்தது சுமார் 8.36 கோடி டன். இது எத்தனை வருஷத்துக்கு வரும்?

ரொம்ப ஈஸி. வகுத்தால் போச்சு. சுமார் 1,000 வருஷம். நிம்மதியா தூங்கலாம்.

ஆனால் வருஷா வருஷம் செலவு கூடுதே! 1863-ல் நியூகாசிலில் நடந்த அறிவியல் சங்கக் கூட்டத்தில், பீரங்கிக்குப் பேர்போன தொழிலதிபர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் அதைச் சேர்த்துக் கணக்குச் சொன்னார். வருஷத்துக்கு 27.5 லட்சம் டன் வீதம் செலவு கூடிக்கிட்டே போனால் 212 வருஷம் வரும். 1,000 ஒரே அடியில் 212 ஆனது.

இங்கதான் ஜெவன்ஸ் நுழைகிறார். வருஷா வருஷம் ஒரே அளவு கூடும் என்று எதை வைத்துச் சொல்றீங்க என்பது அவர் கேள்வி. 10 ஆலை உள்ள ஊரில் ஒரு வருஷத்துக்கு 1 ஆலை கூடினால், 100 ஆலை ஆன பிறகும் 1 ஆலைதானா கூடும்? வளர்ச்சி, இருக்கிற அளவில் இத்தனை சதவீதம் என்றுதான் நடக்கும். வட்டிக்கு வட்டி மாதிரி. அன்றைய புள்ளிவிவரப்படி அது வருஷத்துக்கு 3.5 சதவீதம். அதாவது 20 வருஷத்துக்கு ஒருமுறை இரட்டிப்பு. அப்படியே போனால் 1961-ல் அந்த ஒரு வருஷத்துக்கு மட்டும் சுமார் 260 கோடி டன் வேணும். 1861-லிருந்து 110 வருஷத்துக்கு மொத்தமா 10,270 கோடி டன். கையில் இருப்பதோ 8,300 கோடி.

ஒரே கையிருப்பு. விடை மட்டும் 1,000, 212, 110-க்கும் கீழே. மூன்று பேருமே தப்பாக வகுக்கவில்லை, கூட்டவில்லை. செலவு எப்படி வளரும் என்று சொல்லாமல் விட்ட அந்த ஒரு வரிதான் விடையை மாற்றியது. ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். 1961-ல் 260 கோடி டன் எரியும் என்று ஜெவன்ஸ் ஜோசியம் சொல்லவில்லை. அப்படி எரிக்கவே முடியாது, அதனால் இந்த வேகம் எங்கேயோ நிற்கத்தான் போகுது, நிலக்கரி தீரும் முன்பே ஆழத்தில் தோண்டும் செலவு கூடி விலை ஏறிப் பிரிட்டனின் தொழில் பலம் தேயத் தொடங்கும் என்பதுதான் அவர் வாதம்.

கேள்விக்கு விடை: 'வராது'

உடனே எதிர்த்தரப்பு என்ன சொல்லும்? கவலைப்படாதீங்க, இன்ஜின்கள் நாளுக்கு நாள் சிக்கனமாகுது, நிலக்கரி மிச்சமாகும் என்று சொல்லும். புத்தகத்தின் பேர்போன அத்தியாயம் இதற்கான பதில்தான்.

முதல் ஆதாரம், இன்ஜினின் வரலாறு. நியூகாமனின் பழைய நீராவி எந்திரம் நிலக்கரியை அப்படித் தின்னும். அதனால் நிலக்கரி கொட்டிக்கிடக்கும் சுரங்க வாசலில்தான் அதைப் பெரும்பாலும் வைக்க முடிந்தது. ஜேம்ஸ் வாட் அதைப் பல மடங்கு சிக்கனமாக்கினார். அப்புறம் என்ன ஆச்சு? சுரங்கத்தை விட்டு வெளியே வந்து நூற்பாலை, மாவு ஆலை, கப்பல் எல்லாத்துக்குள்ளேயும் போய் உட்கார்ந்தது. சிக்கனம் வந்ததால்தான் அது எல்லா இடத்துக்கும் கட்டுப்படியானது.

இரண்டாவது ஆதாரம், ஸ்காட்லாந்து இரும்பு. உலைக்குள் ஊதும் காற்றை முன்கூட்டியே சூடாக்கும் முறையை நீல்சன் என்பவர் 1828-ல் கொண்டுவந்தார். அதன் பிறகு, ஒரு டன் இரும்புக்கு ஆகும் நிலக்கரி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. ஆனால் ஸ்காட்லாந்து இரும்பு உலைகளின் மொத்த நிலக்கரிச் செலவு 10 மடங்கானது என்று எடுத்துக்காட்டினார் ஜெவன்ஸ். அப்படின்னா இரும்பு உற்பத்தி 30 மடங்குக்கு மேல் கூடியிருக்கு என்று அர்த்தம்.

ஒரு உதாரணக் கணக்கு போட்டால் இது இன்னும் சுலபமாகப் புரியும். ஒரு உலையில் 1 டன் இரும்புக்கு 6 டன் நிலக்கரி ஆகுது, 100 டன் இரும்பு செய்றாங்க என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 600 டன் நிலக்கரி. புது முறையில் 1 டன்னுக்கு 2 டன் போதும். அதே 100 டன் இரும்புதான் விற்கும் என்றால், 200 டன் நிலக்கரி போதும். 400 டன் மிச்சம். ஆனால் இரும்பு மலிவாகி, 250 டன் விற்றால் 500 டன் நிலக்கரி. மிச்சம் 100 மட்டும். 300 டன் விற்றால் மறுபடி அதே 600. அதைத் தாண்டி 301-வது டன் விற்ற நிமிஷத்திலிருந்து, பழைய மோசமான உலை இருந்த காலத்தைவிட அதிக நிலக்கரி எரியுது!

ஆக, கூற்று பேசுவது ஒரு டன்னுக்கு ஆகும் செலவைப் பற்றி. முடிவு பேசுவது மொத்தச் செலவைப் பற்றி. இரண்டையும் சேர்த்து வைக்கும் பாலம், 'உற்பத்தி மாறாமல் இருக்கும்' என்கிற வரி. அது கேள்வியில் எங்கேயும் இல்லை. படிக்கிறவங்க தானாகவே மனசுக்குள் சேர்த்துக்கிறாங்க. இதைத்தான் பொருளாதார உலகம் இன்று 'ஜெவன்ஸ் முரண்' என்கிறது.

நியாயமா ஒரு ஆட்சேபமும் சொல்லணும். ஸ்காட்லாந்தில் இரும்பு பெருகியதுக்குச் சூடான காற்று மட்டும் காரணமா? ரயில் பாதைகள் பெருகிய காலம், கப்பல்களுக்கு இரும்பு தேவைப்பட்ட காலம், உள்ளூரில் நல்ல இரும்புத் தாது வேற கிடைத்தது. சிக்கனம் இல்லாமலே தேவை எவ்வளவு கூடியிருக்கும் என்று ஜெவன்ஸ் பிரித்துக் காட்டவில்லை. அதோடு, 'மொத்தச் செலவு குறையும்னு முடிவு வராது' என்பதும் 'மொத்தச் செலவு கூடியே தீரும்' என்பதும் ஒன்றல்ல. முதலாவதை அவர் நிரூபித்தார். ஆனால் எழுதும் வேகத்தில் இரண்டாவதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். அவர் பெயரை இன்று இழுக்கும் பலரும் செய்வது இதையேதான்.

வீட்டில் எல்இடி பல்பு மாட்டினால் கரண்ட் செலவு குறையுது என்பதற்காக யாரும் ஒரு அறைக்கு 10 பல்பு மாட்டுவதில்லை. அங்கே மிச்சத்தில் கொஞ்சம்தான் திரும்பக் கரையும். மலிவானதும் புதுப்புது உபயோகம் முளைக்கிற பொருள் என்றால், நீராவி இன்ஜின் மாதிரி, கதையே வேற. ஏஐ இதில் எந்தப் பக்கம் என்பதுதான் இப்போதைய சண்டை. நாதெல்லா சொன்னது, ஏஐ மலிவானால் அதன் பயன்பாடு எகிறும் என்கிற பக்கம். ஏஐ சேவை விற்கும் கம்பெனியின் தலைவர் வேறெந்தப் பக்கம் நிற்பார் என்பது தனிக் கேள்வி.

நாடாளுமன்றம் வரை போன புத்தகம்

இந்தமுறை நாடு திரும்பிப் பார்த்தது. 1866-ல் ஜான் ஸ்டூவர்ட் மில் நாடாளுமன்றத்தில் இந்தப் புத்தகத்தை எடுத்துப் பேசினார். வருங்காலத் தலைமுறைக்கு நிலக்கரியை விட்டுவைக்க முடியாதென்றால், நாட்டின் கடனையாவது அடைத்துவிட்டுப் போகலாம் என்பது ஜெவன்ஸின் யோசனை. நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் அந்த வருஷ பட்ஜெட்டில் கடன் குறைப்பைப் பேசியபோது இந்த வாதத்துக்கும் இடம் இருந்தது. நிலக்கரிக் கையிருப்பை ஆராய அரச ஆணையம் ஒன்றும் அமைக்கப்பட்டது. அதே 1866-ல் ஓவன்ஸ் கல்லூரியில் ஜெவன்ஸ் பேராசிரியர் ஆனார். அடுத்த வருஷம், மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகையைத் தொடங்கிய ஜான் எட்வர்ட் டெய்லரின் மகள் ஹேரியட்டைத் திருமணம் செய்துகொண்டார்.

வேடிக்கை என்னன்னா, தன்னைத் தூக்கிவிட்ட மில்லின் தர்க்கத்தையும் பொருளாதாரத்தையும் ஜெவன்ஸ் கடைசிவரை ஏற்கவே இல்லை. வகுப்பில் மில்லின் புத்தகத்தைப் பாடமாக நடத்த வேண்டிய கட்டாயம் இருந்தது. அந்த எரிச்சல் பின்னாளில் கட்டுரைத் தொடராகவே வெடித்தது.

பியானோ மாதிரி ஒரு எந்திரம்

ஒரு கூற்றிலிருந்து என்ன முடிவு வரும் என்பதை மனுஷ மூளைதான் பார்க்கணுமா, எந்திரம் பார்க்காதா? ஜார்ஜ் பூல் தர்க்கத்தை இயற்கணிதமாக மாற்றிய வழியைப் பிடித்துக்கொண்டு, ஜெவன்ஸ் 1869-ல் ஒரு மர எந்திரத்தைச் செய்யவைத்தார். சால்ஃபோர்டில் ஒரு கடிகாரக்காரர் கட்டிக்கொடுத்தது. பார்க்கச் சின்ன பியானோ மாதிரி, 21 கட்டைகளோடு. 1870-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் அதை இயக்கிக் காட்டினார். 'லாஜிக் பியானோ' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. 4 விஷயங்கள் 'உண்டு', 'இல்லை' என்று எத்தனை விதமாகச் சேர முடியுமோ, அந்த 16 சேர்க்கைகளும் முகப்பில் தெரியும். கட்டைகளை அழுத்தி ஒரு கூற்றை உள்ளே கொடுத்தால், அதற்கு ஒத்துவராத சேர்க்கைகள் மறைந்துவிடும். மிச்சம் நிற்பவைதான் விடை.

நம்ம நிலக்கரிக் கேள்வியை அதில் போட்டுப் பார்க்கலாம். மூன்று விஷயம் போதும்: இன்ஜின் சிக்கனம், உற்பத்தி மாறாது, மொத்த நிலக்கரி குறையும். மூன்றுக்கு 8 சேர்க்கைகள். 'இன்ஜின் சிக்கனமாகி, உற்பத்தியும் மாறாமல் இருந்தால், மொத்தம் குறையும்' என்பதை உள்ளே கொடுத்தால் ஒரு சேர்க்கை விழும். 'இன்ஜின் சிக்கனம்' என்று கொடுத்தால், சிக்கனம் இல்லாத 4 விழும். மிச்சம் 3 நிற்கும். உற்பத்தி மாறலை, மொத்தம் குறையுது. உற்பத்தி மாறுது, ஆனாலும் மொத்தம் குறையுது. உற்பத்தி மாறுது, மொத்தம் குறையலை. 'குறையும்', 'குறையாது' இரண்டும் பலகையில் நிற்கின்றன. அப்போ அந்தக் கூற்றிலிருந்து அந்த முடிவு வராது. எந்திரமே சொல்லிடுச்சு.

எந்திரம் சொல்லாதது ஒன்று இருக்கு. உள்ளே கொடுத்த கூற்று உண்மையா பொய்யா என்று அதற்குத் தெரியாது. ஜெவன்ஸ் தடுமாறியது அங்கேதான்.

சறுக்கல் எங்கே?

பிரிட்டனின் நிலக்கரி உற்பத்தி 1913-ல் சுமார் 28.7 கோடி டன்னைத் தொட்டது. அதுதான் உச்சம். 260 கோடி டன் என்று கணக்கு காட்டிய 1961-ல் எடுத்தது சுமார் 19 கோடி டன்தான். வளர்ச்சி நிற்கும் என்று அவர் சொன்னது பலித்தது. காரணம் மட்டும் அவர் நினைத்தது முழுசாக இல்லை. நிலக்கரி தட்டுப்பாட்டைவிட, பெட்ரோலியமும் பிறகு எரிவாயுவும் அந்த இடத்தைப் பிடித்தது பெரிய காரணம். அமெரிக்காவில் எண்ணெய்க் கிணறு தோண்டி 6 வருஷம் ஆன பிறகு வந்த புத்தகம் அது. பெட்ரோலியத்தை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, இது நிலக்கரியைவிடக் குறைவாகக் கிடைப்பது, நம்ப முடியாதது என்று ஒதுக்கினார். நிலக்கரிக்கு மாற்று இல்லை என்பது அவர் மனசுக்குள் சேர்த்துக்கொண்ட வரி.

பொருளாதார நிபுணர் கெயின்ஸ், ஜெவன்ஸின் நூற்றாண்டையொட்டி 1936-ல் எழுதிய கட்டுரையில் ஒரு தகவல் உண்டு. காகிதத் தட்டுப்பாடு வரும் என்று பயந்து, எழுதும் தாளும் பழுப்பு நிறப் பொட்டலக் காகிதமும் வாங்கி அடுக்கிவைத்திருந்தாராம் ஜெவன்ஸ். அவர் இறந்து 50 வருஷம் கழித்தும் பிள்ளைகளால் அதைத் தீர்க்க முடியலையாம்.

இன்னொரு சறுக்கல் இதைவிடப் பெரிசு. வியாபார நெருக்கடி ஏன் 10 வருஷத்துக்கு ஒருமுறை வருது? சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள்தான் காரணம் என்று 1875-லிருந்து வாதாடத் தொடங்கினார். சூரியன் மாறினால் மழை மாறும், விளைச்சல் மாறும், இந்தியாவில் பஞ்சம் வரும், இந்தியர்கள் பிரிட்டிஷ் துணி வாங்குவது குறையும், மான்செஸ்டர் படுக்கும் என்பது சங்கிலி. இதற்காக டெல்லியின் பழைய தானிய விலைகளை எல்லாம் தேடிப் பிடித்தார். அப்போது அது கிறுக்குத்தனமாகத் தெரியலை. தமிழகத்தில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லப்படும் 1876-78 பஞ்சம் நடந்துகொண்டிருந்த நேரம், மெட்ராஸ் மழைக்கும் சூரியப் புள்ளிக்கும் தொடர்பு உண்டு என்று டபிள்யூ.டபிள்யூ.ஹண்டர் என்ற அதிகாரியும் எழுதிக்கொண்டிருந்தார்.

சிக்கல், எண்களில் வந்தது. சூரியப் புள்ளிச் சுழற்சி சுமார் 11.1 வருஷம் என்று பொதுவாகச் சொன்னார்கள். ஜெவன்ஸின் நெருக்கடிப் பட்டியலோ சராசரி 10.4 வருஷத்துக்குப் பக்கத்தில் வந்தது. 10.45 வருஷம் என்று வேறொரு வானியலாளர் சொன்ன கணக்கு கிடைத்ததும், அதைப் பிடித்துக்கொண்டார். வரிசையில் இடைவெளி வந்த இடங்களில், நெருக்கடி இருந்திருக்கணும் என்று பழைய ஆவணங்களில் தேடினார். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஏற்ற கூற்றைத் தேடுவது தர்க்க வகுப்பில் அவரே மாணவர்களுக்கு மதிப்பெண் போடாத காரியம். அவர் எழுதிய தர்க்கப் பாடநூல் பல தலைமுறை மாணவர்கள் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

நடுவில் ஒரு சின்னத் தகவல். 1874-ல் வெளியான அவரது அறிவியல் முறை நூலில், 8616460799 என்ற எண்ணைக் கொடுத்து, இது எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் வரும் என்பது தன்னைத் தவிர யாருக்கும் தெரியாமலே போகலாம் என்கிற பொருளில் எழுதியிருந்தார். பெருக்குவது சுலபம், பிரிப்பது கஷ்டம் என்று காட்டத்தான் அந்த உதாரணம். இன்றைய ஆன்லைன் வங்கிப் பாதுகாப்பில் ஒரு பெரிய பகுதி நிற்பதும் இந்தக் கஷ்டத்தின் மேல்தான். விடை: 89681 × 96079.

1882 ஆகஸ்ட் 13

ஓயாத உழைப்பு உடம்பைத் தின்றது. தூக்கமின்மை, மன அழுத்தம். வகுப்பெடுப்பதே பாரமாக இருந்ததால், 1876-ல் மான்செஸ்டரை விட்டு லண்டன் யூனிவர்சிட்டி காலேஜுக்கு மாறினார். 1880-ல் அதையும் விட்டுவிட்டு, பொருளாதாரம் பற்றிய பெரிய நூல் ஒன்றை எழுதி முடிக்க உட்கார்ந்தார்.

1882 ஆகஸ்ட்டில் குடும்பத்தோடு இங்கிலாந்தின் தென்கரையில், ஹேஸ்டிங்ஸ் அருகே தங்கியிருந்தார். 13-ம் தேதி கடலில் குளிக்கப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. 47-வது பிறந்தநாளுக்கு இன்னும் 3 வாரம்கூட இல்லை. பிள்ளைகள் மூவரும் சின்னக் குழந்தைகள். நூல் பாதியில் நின்றது. அவரது கடிதங்களையும் நாட்குறிப்பையும் ஹேரியட் தொகுத்து 1886-ல் வெளியிட்டார். சிட்னி நாட்களும், அந்த 74 பிரதிக் கதையும் நமக்குத் தெரியவருவது இப்படிப்பட்ட குடும்பத்துத் தாள்கள் வழியாகத்தான்.

லாஜிக் பியானோ இப்போது ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் 2024 செப்டம்பர் 30-ம் தேதி மூடப்பட்டது.

அப்பா இறக்கும்போது விவரம் தெரியாத வயதில் இருந்த மகன் ஹெர்பர்ட் ஸ்டான்லி ஜெவன்ஸும் பொருளாதாரப் பேராசிரியர்தான். அவர் வேலை பார்க்க வந்த ஊர் நம்ம நாட்டு அலகாபாத். 1916-ல் அங்கிருந்து 'இந்தியன் ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழைத் தொடங்கினார். அதற்கு முந்தைய வருஷம் அவர் வெளியிட்ட புத்தகம், பிரிட்டனின் நிலக்கரி வியாபாரத்தைப் பற்றியது.